அறிவுசார் குறைபாடு உள்ளவருக்குப் பராமரிப்பாளர் வைக்கப்போகிறீர்களா? ஆள் தேடுவது முதல் ஆள் நிலைப்பது வரை

என் தம்பிக்கு 31 வயது. டவுன் சிண்ட்ரோம் (குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதால் பிறவியிலேயே வரும் நிலை), கூடவே வலிப்பும் உண்டு. பேசுவது பத்துப் பதினைந்து சொற்கள்தான். அம்மாவால் தனியாகச் சமாளிக்க முடியாமல் போனபோது வீட்டுக்கு ஆள் வைத்தோம். முதல் இரண்டு வருடத்தில் 5 பேர் வந்து போனார்கள். அதில் 4 பேர் மூன்று மாதம்கூடத் தாண்டவில்லை.

இரண்டாவதாக வந்தவர் மட்டும் 13 மாதம் இருந்தார். தம்பி அவரை "அண்ணா" என்று கூப்பிடுவான். அவர் வேலையை விட்ட மறுநாள் காலை 8 மணிக்குத் தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு வாசற்படியில் போய் உட்கார்ந்தான். அவர் வழக்கமாக வரும் நேரம் அது. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு உள்ளே வந்தான். இப்படி 19 நாள். 20ஆம் நாள் அவன் வாசலுக்குப் போகவில்லை. அன்றைக்குத்தான் அம்மா அழுதார்.

இந்த வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள். எங்களுக்குக் கிடைத்தார்கள், ஆனால் நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்று பின்னால் ஒவ்வொருவரிடமும் கேட்டுப் பார்த்தபோது, முக்கால்வாசிக் காரணம் எங்கள் பக்கம் இருந்தது தெரிந்தது. இப்போது எங்களோடு இருக்கும் இருவரில் ஒருவர் வந்து 3 வருடம் ஆகிறது, இன்னொருவர் வந்து 2 வருடம் தாண்டிவிட்டது. நடுவில் நாங்கள் மாற்றிக்கொண்டதைத்தான் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன். சம்பள விதி, வேலை நேர விதி, பின்னணிச் சோதனை எல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். அவற்றை உங்கள் பகுதித் தொழிலாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் எங்கே இருந்தாலும் பொருந்தும்.

1. முதலில் மணிக்கணக்கு போடுங்கள்

ஆள் தேடுவதற்கு முன் ஒரு தாளை எடுத்து உட்காருங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் யார் யார் எந்த நேரம் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

எங்கள் கணக்கு இது. இரவு 8 மணியிலிருந்து காலை 7 மணி வரை அம்மாவும் நானும். அது வாரத்துக்கு 77 மணி நேரம். வாரத்தில் 5 நாள், தினம் 5 மணி நேரம் பகல்நேர மையம். அது 25. இரண்டையும் கழித்தால் மீதி 66 மணி நேரம். ஒருவர் வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை செய்தாலும் 18 மணி நேரம் இடிக்கிறது. அந்த 18 மணி நேரத்தையும் இரண்டு வருடமாக ஒரே ஆள் தலையில்தான் கட்டிக்கொண்டிருந்தோம். "கொஞ்சம் கூட இருங்க" என்று சொல்லிச் சொல்லியே. தாள் போட்டுப் பார்த்த பிறகுதான் நாங்கள் செய்துகொண்டிருந்தது என்னவென்று புரிந்தது.

24 மணி நேரமும் ஆள் தேவைப்படுபவர் என்றால் 168ஐ 48ஆல் வகுத்துப் பாருங்கள். மூன்றரை ஆள். லீவு, காய்ச்சல் எல்லாம் சேர்த்தால் நான்கு பேருக்குக் குறையாது. "கூடவே தங்கி எல்லாம் பார்த்துக்கொள்ள ஒரே ஆள்" என்ற தேடல் ஆரம்பத்திலேயே தோற்றுப்போகும் தேடல்.

2. பராமரிப்பு தேவைப்படுபவரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுங்கள்

இதைத்தான் மிக முக்கியமான ஆவணம் என்று சொல்வேன். காரணத்தைச் சொல்கிறேன்.

மூன்றாவது ஆள் வந்த மூன்றாம் நாள். தம்பி காலையிலிருந்து இடது காதை உள்ளங்கையால் அடித்துக்கொண்டே இருந்தான். தட்டைத் தள்ளிவிட்டான். குளிக்க வரவில்லை. புதிதாக வந்தவர் பாவம், பிடிவாதம் என்று நினைத்து, கையைப் பிடித்துப் பிடித்து இறக்கினார். மாலையில் தம்பி அவர் தோளில் கடித்துவிட்டான். மறுநாள் டாக்டர் பார்த்தபோது காதுக்குள் சீழ். முன்பு இருந்தவருக்கு இது தெரியும். இடது காதை அடித்தால் வலி, இரண்டு காதையும் பொத்தினால் சத்தம் பிடிக்கவில்லை. 13 மாதத்தில் அவர் கற்றுக்கொண்டது இது. எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அவர் போனபோது அதுவும் அவரோடு போய்விட்டது.

அதனால் எழுதுங்கள். வலி வந்தால் என்ன செய்வார், பசித்தால் என்ன செய்வார், பயந்தால் என்ன செய்வார். எதை வைத்து "ஆமாம்", எதை வைத்து "வேண்டாம்" என்று தெரிந்துகொள்வது. எதைத் தானே செய்வார், எதில் உதவி வேண்டும், எவ்வளவு உதவி. சாப்பிடும்போது விக்குமா, எந்தப் பதத்தில் உணவு தர வேண்டும். எது அவருக்குப் பிடிக்கும். கடைசியில் மருந்துப் பட்டியல், ஒவ்வாமை, வலிப்பு வந்தால் செய்ய வேண்டியது, அவசரத் தொலைபேசி எண்கள்.

இதிலிருந்து ஒரு பக்கத்தைத் தனியாகப் பிரித்து ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகும் பையிலேயே வைத்துவிடுங்கள். திடீர் மாற்றம் எதைப் பார்த்தாலும் "இவர்களுக்கு இது சகஜம்தான்" என்று குறைபாட்டின் மேல் பழியைப் போட்டு, உண்மையான நோயைக் கவனிக்காமல் விடுவது பல இடங்களில் நடக்கிறது. வழக்கமாக எப்படி இருப்பார் என்று எழுத்தில் காட்டினால்தான் டாக்டருக்கும் வித்தியாசம் தெரியும்.

எழுத எங்களுக்கு 10 நாள் ஆனது. அவருடைய பகல்நேர மைய ஆசிரியரிடமும் கேளுங்கள். நமக்குத் தெரியாத பாதி அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

3. செலவைச் சம்பளத்தோடு நிறுத்தாதீர்கள்

12 மாதச் சம்பளம் என்று நினைத்துத்தான் நான் இறங்கினேன். ஒரு முழுநேர ஆளுக்கு வருடக் கடைசியில் ஏறக்குறைய 15 மாதச் சம்பளத்துக்குச் சமமான தொகை ஆனது. அவருடைய லீவு நாட்களில் வரும் மாற்று ஆளுக்கு ஒரு மாதம். பழைய ஆளும் புதிய ஆளும் சேர்ந்து வேலை செய்யும் நாட்களுக்கு அரை மாதம். முதலுதவிப் பயிற்சி, மருத்துவச் சோதனை, தடுப்பூசி, போக்குவரத்துக்கு அரை மாதம். திடீரென்று ஆள் நின்றுவிட்டால் ஏஜென்சியிலிருந்து வரவழைக்க, கைவைக்காமல் ஒரு மாதம். இரண்டாவது ஆளின் பகுதிநேரச் சம்பளம் இதில் சேராது, அது தனி.

தடுப்பூசி என்று சொன்னது ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் நோய்க்கானது. உடல் கழிவு, இரத்தம், கடி எல்லாம் வரும் வேலை என்பதால் கேட்டுப் போட வைப்பது நல்லது. வழக்கமான முறையில் மூன்று தவணை, முதல் ஊசியிலிருந்து 1 மாதத்திலும் 6 மாதத்திலும். அந்தச் செலவை அவர் தலையில் கட்டாதீர்கள்.

இவ்வளவு முடியாது என்றால் மணி நேரத்தைக் குறையுங்கள். சம்பளத்தைக் குறைத்து மணி நேரத்தை அப்படியே வைக்காதீர்கள்.

4. விளம்பரத்திலேயே உண்மையைச் சொல்லுங்கள்

நான் செய்த பெரிய தப்பு இது. கோபம் வந்தால் தம்பி கடிப்பான் என்பதைச் சொன்னால் யாரும் வரமாட்டார்கள் என்று மறைத்தேன். ஒருவர் 9ஆம் நாள் போனார். போகும்போது, "கடிச்சதுக்காகப் போகலைங்க, தெரிஞ்சுகிட்டே சொல்லாம விட்டீங்களே, அதுக்காகத்தான் போறேன்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இப்போது நாங்கள் எல்லாவற்றையும் எழுதுகிறோம். வயது, எடை, தூக்க வேண்டியிருக்குமா, கழிப்பறை உதவி உண்டா, வலிப்பு எத்தனை நாளைக்கு ஒரு முறை, அடிப்பது கடிப்பது உண்டா, எதனால், அப்போது வீட்டில் யார் கூட இருப்பார்கள். விசாரிப்பவர்களின் எண்ணிக்கை குறையும். வருபவர்கள் தெரிந்து வருவார்கள்.

விளம்பரத்தில் இரண்டு சொற்றொடர்களை எழுதவே எழுதாதீர்கள். ஒன்று, "குழந்தை மாதிரி". 31 வயது ஆணைக் குழந்தை என்று சொல்லி ஆள் தேடினால், வருபவரும் குழந்தையைப் போலத்தான் நடத்துவார். எல்லாவற்றையும் தானே செய்துகொடுப்பார். இரண்டு, "வீட்டில் ஒருவர் மாதிரி". கேட்க அன்பாக இருக்கும். நடைமுறையில் அதைச் சொல்லித்தான் லீவு கொடுக்காமல் இருக்கிறோம், கூடுதல் நேரத்துக்குப் பணம் தராமல் இருக்கிறோம்.

5. வேலைக்கு எடுக்கும் முன் ஒரு நாள் சேர்ந்து இருங்கள்

பேட்டி மட்டும் எடுத்து முடிவு செய்யாதீர்கள். 4 மணி நேரம், இரண்டு முறை, சம்பளம் கொடுத்து வரச் சொல்லுங்கள். அப்போது நான் கவனிப்பது ஒன்றே ஒன்றுதான்: கேள்வியைத் தம்பியிடம் கேட்கிறாரா, அவன் தலைக்கு மேலே என்னிடம் கேட்கிறாரா. தம்பி பதில் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகும். அந்த ஒரு நிமிடம் காத்திருப்பவர் பட்டியலில் மேலே போவார். அனுபவம், சான்றிதழ் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

தம்பியின் விருப்பத்தையும் பாருங்கள். யாரோடு எங்கே வாழ்வது என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு மாற்றுத்திறனாளிகளுக்கு மற்றவர்களுக்குச் சமமாக உண்டு என்று 2006இல் ஐ.நா. ஏற்ற உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு சொல்கிறது. பேச்சு வராதவர் என்றால் உடம்பைப் பார்த்துப் படியுங்கள். பக்கத்தில் போய் உட்காருகிறாரா, எழுந்து வேறு அறைக்குப் போகிறாரா. குளிப்பாட்ட, உடை மாற்ற ஆண் வேண்டுமா பெண் வேண்டுமா என்பதும் அவர் விருப்பம்தான்.

கேட்டு வாங்க வேண்டிய ஆவணங்கள்: அடையாளச் சான்றின் நகல், முகவரிச் சான்று, முன்பு வேலை பார்த்த இரண்டு இடங்களின் தொலைபேசி எண், உங்கள் சட்டம் சொல்லும் பின்னணிச் சோதனை, முதலுதவிச் சான்றிதழ் இருந்தால் அதுவும். பின்னணிச் சோதனைக்குத்தான் நாட்கள் இழுக்கும், அதனால் அதை முதலிலேயே தொடங்கிவிடுங்கள். பழைய இடத்துக்கு நீங்களே போன் செய்யுங்கள். "நல்லவரா?" என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். "மறுபடியும் இவரை வேலைக்கு எடுப்பீர்களா?" என்று கேளுங்கள்.

அசல் அடையாள அட்டையையோ பாஸ்போர்ட்டையோ வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். ஓடிவிடுவார் என்று பயந்து சிலர் அப்படிச் செய்கிறார்கள். அது தப்பு.

6. ஒப்பந்தம்: இரண்டு தாள், இரண்டு கையெழுத்து

சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2011இல் வீட்டுப் பணியாளர்களுக்காக ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது, எண் 189. எல்லா நாடுகளும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனாலும் ஒப்பந்தத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதற்கு அதன் பட்டியலைத்தான் நான் எடுத்துக்கொண்டேன். வேலை இடம், தொடங்கும் நாள், வேலை வகை, சம்பளம், எந்தத் தேதியில், வேலை நேரம், லீவு, தங்குவதானால் இடமும் சாப்பாடும், சோதனைக் காலம், நிற்பதற்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு.

அதில் இரண்டு விஷயம் எனக்குப் புதிது. வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேரமாவது ஓய்வு கொடுக்க வேண்டும். அப்புறம், "சும்மா பக்கத்து அறையில இருங்க, கூப்பிட்டா வாங்க" என்று நிறுத்தி வைக்கும் நேரமும், சட்டமோ ஒப்பந்தமோ சொல்லும் அளவுக்கு, வேலை நேரமாகவே எண்ணப்பட வேண்டும். இரவுத் தூக்கத்துக்கு நடுவே இரண்டு முறை எழுப்பிவிட்டு, காலையில் "ராத்திரி தூங்கத்தானே செஞ்சீங்க" என்று சொல்வது எவ்வளவு அநியாயம் என்று அப்போதுதான் உறைத்தது.

வேலை வகையை எழுதும்போது தெளிவாக இருங்கள். எங்கள் தாளில் ஒரு வரி: வீடு கூட்டுவது, குடும்பத்துக்குச் சமைப்பது, மற்றவர்களின் துணி துவைப்பது இந்த வேலையில் சேராது. தம்பியோடு சேர்ந்து தம்பியின் துணியை மடிப்பது சேரும். முதலில் போனவர் ஏன் போனார் என்று இந்த வரியை எழுதும்போது எனக்குத் தெரிந்தது.

முன்னறிவிப்பு இரு பக்கமும் 30 நாள் வைத்தோம். சம்பளத் தேதி ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. அட்வான்ஸ் கொடுத்தால் எழுதிக் கொடுங்கள்.

7. பழையவரும் புதியவரும் சேர்ந்து இருக்க 10 நாள்

இந்த 10 நாளுக்கு இரட்டைச் சம்பளம் ஆகும். மனசு கேட்காது. ஆனாலும் கொடுங்கள். பழையவர் ஏற்கெனவே போய்விட்டார் என்றால் குடும்பத்தில் ஒருவர் லீவு போட்டு அந்த இடத்தில் நிற்க வேண்டும்.

முதல் 3 நாள் புதியவர் பார்க்க மட்டும் வேண்டும். அடுத்த 4 நாள் சேர்ந்து செய்ய வேண்டும். கடைசி 3 நாள் அவர் செய்ய, நீங்கள் தள்ளி உட்கார வேண்டும். குளியலும் மருந்தும் கடைசியில்தான் கைமாற வேண்டும்.

இந்த நாட்களுக்குள் கட்டாயம் சொல்லித்தர வேண்டியவை இருக்கின்றன. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வலிப்பு உண்டு, அதனால் இதை யாரும் தவிர்க்க முடியாது. வலிப்பு வந்தால் நேரத்தைக் குறிக்க வேண்டும், சுற்றியுள்ள பொருட்களை விலக்க வேண்டும், தலைக்கு அடியில் மெத்தென்று எதையாவது வைக்க வேண்டும், உதறல் நின்றதும் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். வாயில் எதையும் வைக்கக் கூடாது, கைகால்களை அழுத்திப் பிடிக்கக் கூடாது. 5 நிமிடம் தாண்டினாலோ, தெளியாமலேயே மறுபடி வந்தாலோ ஆம்புலன்ஸ். வலிப்பு மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது என்பதையும் சொல்லுங்கள்.

விக்கிக்கொண்டால் செய்யும் முதலுதவியைக் காகிதத்தில் படித்தால் போதாது, பயிற்சி கொடுப்பவரிடம் கையால் செய்து பழக வேண்டும். மலச்சிக்கல் ரொம்பச் சாதாரணமாக வரும், வாய்விட்டுச் சொல்லத் தெரியாதவர்களுக்கு அது கோபமாகத்தான் வெளியே வரும். டவுன் சிண்ட்ரோம் என்றால் தைராய்டும் காதும் அடிக்கடி தொந்தரவு தரும். 40 வயது தாண்டியவர் தெரிந்த வேலையை மறக்க ஆரம்பித்தால் மறதிநோயாகவும் இருக்கலாம், டாக்டரிடம் சொல்லுங்கள்.

தூக்கி மாற்ற வேண்டியவர் என்றால் முறையாகத் தூக்கப் பழகாமல் தொடங்கவே வேண்டாம். முதுகு போய்விட்டால் அவர் வேலையை மட்டுமா இழக்கிறார்?

8. ஒரு நோட்டு, தினமும் 5 நிமிடம்

பெரிய படிவம் எல்லாம் வேண்டாம். சாப்பாடு, தண்ணீர், மலம், தூக்கம், மருந்து கொடுத்த நேரமும் கையெழுத்தும், இன்றைக்குத் தானே செய்த ஒரு விஷயம். அந்தக் கடைசிக் கட்டத்தை நான் வற்புறுத்துவேன். காலியாகவே இருந்தால் எல்லாவற்றையும் நாமே செய்துகொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம்.

அடிப்பது, எறிவது நடந்தால் தனிப் பக்கத்தில் மூன்று வரி: அதற்கு முன் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், அதற்குப் பின் நாம் என்ன செய்தோம். இரண்டு வாரம் எழுதிப் பார்த்ததில், தம்பி பொருட்களை எறிந்த 11 முறையில் 8 முறை வாஷிங் மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. துவைக்கும் நேரத்தை அவன் மையத்துக்குப் போகும் நேரத்துக்கு மாற்றினோம். அதற்குள் இரண்டு பேர் "இவன்கூட முடியாது" என்று போயிருந்தார்கள்.

பணம் கையாள்வதற்கும் இதே நோட்டின் பின்பக்கம். ரசீதை ஒட்டி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். இது சந்தேகத்துக்காக இல்லை, பின்னால் ஒரு பேச்சு வந்தால் அவரைக் காப்பாற்றுவதற்கும்தான்.

7ஆம் நாள், 30ஆம் நாள், 90ஆம் நாள், பராமரிப்பாளரோடு அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். தம்பி கேட்கும் தூரத்தில் அவனைப் பற்றி இல்லாதது போலப் பேசாதீர்கள். "எது கஷ்டமா இருக்கு?" என்பதுதான் முதல் கேள்வி. அடி வாங்கிய நாளன்று 90ஆம் நாள் வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மாலையில் நீங்களே போன் செய்து எப்படி இருக்கிறார் என்று கேளுங்கள்.

9. கண்ணை மூடிக்கொள்ளக் கூடாத விஷயங்கள்

நல்லவர் என்று நம்பினாலும் சொல்லாமல் சில நாள் போய்ப் பாருங்கள். காரணம் தெரியாத காயம், குறிப்பிட்ட ஒருவர் வரும்போது மட்டும் ஒடுங்கிப்போவது, எடை குறைவது, பணக் கணக்கு இடிப்பது, எதுவானாலும் தேதியோடு எழுதுங்கள், படம் எடுங்கள், உரிய அதிகாரியிடம் சொல்லுங்கள். அறையில் பூட்டுவது, கட்டிவைப்பது, தண்டனையாகச் சாப்பாட்டை நிறுத்துவது மூன்றும் எந்தச் சூழ்நிலையிலும் கூடாது. இதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். குடும்பத்தாருக்கும் இது பொருந்தும்.

கேமரா வைப்பதானால் சொல்லிவிட்டு வையுங்கள். குளியலறையிலும் உடை மாற்றும் இடத்திலும் வேண்டாம்.

10. போகிறேன் என்று அவர் சொல்லும்போது

போவார்கள். கல்யாணம் ஆகும், வேறு நல்ல வேலை கிடைக்கும், பெற்றவர்களுக்கு முடியாமல் போகும். கோபப்படாதீர்கள், கடைசி மாதச் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள். போகிறவர் மனம் கசந்து போனால் அந்த 10 நாள் கைமாற்றம் நடக்காது.

நாங்கள் இப்போது செய்வது இது. கடைசி நாளுக்கு இரண்டு வாரம் முன்பு, சுவரில் உள்ள காலண்டரில் அந்தத் தேதியில் அவருடைய படத்தை ஒட்டுகிறோம். அடுத்த நாளிலிருந்து புதியவரின் படம். தினமும் ஒரு கட்டத்தைத் தம்பியே அடிக்கிறான். போகும் செய்தியை அவரே தம்பியிடம் சொல்கிறார், நாங்கள் சொல்வதில்லை. முடிந்தால் முதல் மாதம் வாரம் ஒரு முறை வீடியோவில் முகம் காட்டச் சொல்கிறோம். கடைசியாகப் போனவருக்கு இப்படிச் செய்தபோது தம்பி வாசலில் போய் உட்கார்ந்தது இரண்டே நாள்.

கடைசி நாளன்று, நோட்டில் ஒரு பக்கத்தை அவருக்கு விட்டுக் கொடுங்கள், அடுத்து வருபவருக்கு எழுத. எங்கள் நோட்டில் கடைசியாகப் போனவர் எழுதியிருப்பது மூன்று வரி. இடது பக்கமாக நின்று பேசுங்கள். தண்ணீர் வேண்டும் என்றால் கழுத்தைத் தொட்டுக் காட்டுவார். சட்டைப் பொத்தானை அவரே போட்டுக்கொள்வார், 10 நிமிடம் ஆகும், அவசரப்படுத்த வேண்டாம்.